கைநாட்டுக்கு மேலே எழுதியது

சேலம்
5.9.1937

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் கந்தம்மாள் வணக்கம். நான் சுகம். மாமாவின் முழங்கால் வலி குறைந்ததா? பொன்னாயிக்கு இருமல் விட்டதா?

வேலையில் சேர்ந்து ஐந்து நாளாகிறது. இடம் எப்படி என்று எழுதச் சொன்னீர்கள். ஏற்காட்டுச் சாலையில், ஊர் முடிகிற இடத்தில் பெரிய தோட்டத்துக்குள் இருக்கிறது. சித்திர வினோத சபை என்று பெயர்ப்பலகை; ஊரில் எல்லோரும் கிளப் என்றே சொல்கிறார்கள். முன்கட்டு அங்கத்தினர்களுக்கு மட்டும். வக்கீல்களும் மில்காரர்களும் மாலையில் வந்து பத்திரிகை படிப்பார்கள், சீட்டாடுவார்கள். பின்கட்டில் மண்டபம். அங்கே நாடகம், கச்சேரி, வராந்தாவில் சித்திரக் காட்சி. அங்கத்தினர் ஒருவர் கையெழுத்திட்ட சீட்டு இருந்தால்தான் வெளியார் உள்ளே வரலாம். பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும். அவர்கள் பக்கவாசல் வழியாக மரப்படி ஏறி மாடத்தில் உட்கார வேண்டும்.

வருகிறவர்களின் அபிப்பிராயத்தைப் புத்தகத்தில் வாங்குவது என் வேலை. எழுதத் தெரியாத பெண்கள் வாயால் சொல்வார்கள், நான் எழுதுவேன், அவர்கள் கீழே கைநாட்டு வைப்பார்கள். காரியதரிசி பாலசுந்தரம் முதல் நாளே சொல்லிவிட்டார்: "நீங்கள் பி.ஏ. படித்தவர். பட்டிக்காட்டுப் பேச்சை அப்படியே எழுதினால் பெரிய மனிதர்கள் பார்வைக்கு வைக்க முடியுமா? கருத்தை மட்டும் நல்ல தமிழில் எழுதுங்கள்."

இன்று காலை ஒத்திகை பார்க்க வந்த ஓர் அம்மாள் சொன்னார்: "பாட்டெல்லாஞ் சரீங்க. அந்த ஆளு ஏன் பல்லுவலி வந்தவனாட்டம் மூஞ்சியக் கோணறான்?" நான் எழுதினேன்: "வித்துவானின் முகபாவம் உருக்கமாக இருந்தது." எழுதி முடித்த பிறகு எனக்கே சிரிப்பு வந்தது.

யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது எனக்கு வசதியாக இருக்கிறது. நீங்கள் ஒரு ஞாயிறு வர வேண்டும். சீட்டுக்குக் காரியதரிசியிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.

உங்கள் அன்பை மறவாத
கந்தம்மாள்


புதுச்சத்திரம்
ஈசுவர வருடம், புரட்டாசி 4

சிரஞ்சீவி கந்தம்மாளுக்கு சென்றாயன் ஆசீர்வாதம். இங்கே நாங்கள், மாடு கன்று யாவும் நலம். முழங்கால் மழைக்கு வலிக்கிறது, வெயிலுக்கு விடுகிறது. பொன்னாயி மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள்.

மற்றதெல்லாம் உன் அக்கா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். எழுதி முடித்தால் படித்துக் காட்ட வேண்டும். ஒரு சொல் மாறினாலும் விடமாட்டாள். அவள் சொல்வது:

"ஏங்கண்ணு, நேரத்துக்குச் சோறு திங்கறியா? மேசைக்குப் பொறத்தால குந்திக்கிட்டே இருந்தா இடுப்புப் புடிச்சுக்கும். எந்திரிச்சு நட. உன்னய நாமக்கல் பள்ளிக்கூடத்துக்கு உன்ற மாமா வண்டி கட்டிக் கூட்டிப் போனப்ப, ஊரே சிரிச்சுது. ஆத்தா அப்பன் இல்லாத புள்ளைக்குப் படிப்பு எதுக்குன்னாங்க. இப்பக் கிளப்புல உக்காந்து எழுதறான்னு கேட்டதும் அதே வாயில வெல்லம் போட்டாப்பல பேசறாங்க.

பல்லுவலிக்காரன் சமாச்சாரத்துக்கு நானுஞ் சிரிச்சேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்தம்மா கைநாட்டு வெச்சாளே, நீ எழுதுனத அவளுக்குப் படிச்சுக் காட்டுனியா?"

இதற்கு நடுவில் நான் எழுதுவது: சீட்டுக்குக் கேட்டிருப்பதாக நீ எழுதியதிலிருந்து எந்தப் புடவை கட்டுவது என்றே பேச்சு. இதையும் படித்துக் காட்டினேன். "உங்கள ஆரு எழுதச் சொன்னா?" என்று கேட்டாள். ஆனால் அந்த வரியை அடிக்கச் சொல்லவில்லை.

ஐப்பசி முதல் ஞாயிறு பொன்னாயியையும் கூட்டிக்கொண்டு வருவாள். எனக்குக் கடலை பிடுங்கும் வேலை இருக்கிறது.

சென்றாயன்


சேலம்
19.10.1937

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் வணக்கம். பஸ் பிரயாணத்தில் பொன்னாயிக்கு வாந்தி வந்ததா? ஊர் சேர்ந்ததற்கு ஒரு வரி எழுதுங்கள்.

ஞாயிறன்று உங்களோடு உட்கார முடியாமல் போனது. நாடகம் முடியும் வரை மேசையை விட்டு நான் நகரக்கூடாது. அக்கா, மாடத்தில் இருக்கிறவர்கள் பேசுவதெல்லாம் கீழே கேட்கும். நீ "அடி ஆத்தீ, இவனா ராசா?" என்று கேட்டபோது முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். உன் குரல் என்று எனக்குத் தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்காக இரண்டு நாளாக என் மேலேயே எனக்குக் கோபம்.

புத்தகத்தில் நீ சொன்னதைத் திருத்தமாக எழுதிவிட்டேன். காரியதரிசி அப்போது என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அதனால் படித்துக் காட்ட நேரமில்லை.

கொடுத்துவிட்டுப் போன எள்ளுருண்டையில் பாதி இன்னும் இருக்கிறது.

கந்தம்மாள்


புதுச்சத்திரம்
ஐப்பசி 10

சிரஞ்சீவி கந்தம்மாளுக்கு ஆசீர்வாதம். பத்திரமாக வந்து சேர்ந்தார்கள். பொன்னாயி வாந்தி எடுக்கவில்லை; உன் அக்காதான் எடுத்தாள். இதை எழுதக்கூடாது என்கிறாள். சொன்னதை மட்டும் எழுதுவது அவள் பேச்சுக்குத்தான், என் பேச்சுக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அவள் சொல்வது:

"அங்க வராந்தாவுல மாட்டியிருந்த படம் பாத்தேன். ஒருத்தி கொடத்த இடுப்புல வெச்சுக்கிட்டு நிக்கறா. இடுப்பு வளையவே இல்ல. காலிக் கொடம் கண்ணு அது. தண்ணி தூக்குனவ எவளும் அப்படி நிக்க மாட்டா. அந்தப் படத்த எழுதுனவன் கேணிப் பக்கமே போனதில்லையாட்ட இருக்குது.

மாடத்துல மரச் சல்லடை வழியாப் பாக்கோணும். ராசா தலப்பா மட்டுந் தெரிஞ்சுது. பாட்டு நல்லாக் கேட்டுச்சு, அதுக்குக் கொற சொல்ல மாட்டேன். ஆனா கண்ணு, நாங்க ஏறுனதும் கீழ கதவச் சாத்தி வெளிய தாப்பாப் போட்டாங்க. பாதியில பொன்னாயிக்கு ஒண்ணுக்கு வந்துருச்சு. எறங்கி வந்து தட்டறேன், தட்டறேன், ஆருமே தொறக்கல. மூலையில உக்காந்து போயிருச்சு. புள்ளை இன்னைக்கும் அத நெனச்சு வெக்கப்படுது. ஆம்பளைய எல்லாம் வெளிய போனதுக்கு அப்பறந்தான் தொறந்து உட்டாங்க, பட்டியில இருந்து ஆடு தொறக்கறாப்பல.

காவக்காரர் சடையன் நல்ல மனுசன். 'நான் என்ன பண்ணட்டுங்க அம்மிணி, வெளிய போ, வண்டி கூப்புடு, பீடா வாங்குன்னு தொரத்தறாங்க. இங்கயே நிக்க உடறதில்ல'ன்னாரு. எதுக்குத் தாப்பான்னேன். 'குடிச்சவங்க மேல ஏறிறப்படாதுன்னு பழைய வழக்கமுங்க'ன்னாரு. இந்த மாசத்துல இருந்து நம்ம ஜில்லாவுலயே குடி இல்லியே, கள்ளுக்கடை எல்லாம் பூட்டிட்டாங்களே, அப்பறம் எதுக்கு எங்களப் பூட்டறீங்கன்னு கேட்டேன். அவருஞ் சிரிச்சாரு.

அதத்தான் உன்ற புத்தகத்துல சொன்னேன். அடைச்சா, தொறக்கறவன் பக்கத்துல நிக்கோணும். இல்லாட்டி அடைக்கப்படாது. கைநாட்டு வெச்சிருக்கறேன். அந்தப் பெரிய மனுசங்க பாத்தாங்களா? என்ன சொன்னாங்க?"

படித்துக் காட்டினேன். சரி என்றாள். உன் பதிலை எதிர்பார்க்கிறாள்.

சென்றாயன்


சேலம்
28.11.1937

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் வணக்கம். பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். எனக்குக் காய்ச்சல் என்று நினைக்க வேண்டாம். நன்றாகத்தான் இருக்கிறேன்.

பொன்னாயியின் எழுத்து எப்படி இருக்கிறது? ஒரு பக்கம் காப்பி எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

கதவு விஷயம் காரியதரிசியிடம் இருக்கிறது. அடுத்த கமிட்டியில் கவனிப்பார்கள். நீ அடுத்த தடவை வரும்போது அந்தக் குறை இருக்காது.

தை மாதம் இரண்டாம் ஞாயிறு மதுரையிலிருந்து ஒரு நாடகக் கம்பெனி வருகிறது. மூன்று சீட்டு வாங்கிவிட்டேன். இந்த முறை மாடத்தின் முன்வரிசையில், சல்லடை உடைந்த இடம் ஒன்று இருக்கிறது, அங்கே உட்கார வைக்கிறேன். தலைப்பாகை மட்டுமல்ல, முழு ராஜாவும் தெரிவான்.

கந்தம்மாள்


புதுச்சத்திரம்
மார்கழி 20

சிரஞ்சீவி கந்தம்மாளுக்கு ஆசீர்வாதம். இங்கே பனி அதிகம். எல்லோரும் சௌக்கியம். பொன்னாயி எழுதிய காப்பி இத்துடன் இருக்கிறது. கோடு தாண்டுகிறாள்.

உன் அக்கா சொல்வது:

"கதவச் சரி பண்ணறாங்கன்னு எழுதுனியே, அதுக்கே எனக்கு அந்தக் கிளப்பு மேல ஒரு மருவாதி வந்துருச்சு. ஒரு பட்டிக்காட்டுக்காரி சொன்னத எழுதி வெச்சு, அதக் கமிட்டி போட்டுப் பேசறாங்கன்னா சும்மாவா? பக்கத்தூட்டுப் பெருமாயிகிட்டச் சொன்னேன். 'நீ சொல்லியா?'ன்னு வாயப் பொளந்துட்டா. 'என்ற தங்கச்சி எழுதி வெச்சாளாக்கும்'னேன். அவளுந்தான் வர்றா. பொன்னாயி மட்டும் வரமாட்டேங்கறா. அந்த மாடத்துக்கு வரமாட்டாளாம். ஊட்டுலயே இருக்கட்டும்."

சென்றாயன்


புதுச்சத்திரம்
தை 22

கந்தம்மாளுக்குச் சென்றாயன் எழுதுவது.

இங்கே இருக்கிறோம். பொன்னாயி இரண்டு நாளாகக் கஞ்சி குடிக்கிறாள்.

காரியம் முடிந்த மறுநாளே நீ பஸ் ஏறிவிட்டாய். உன் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. இந்தக் கடிதம் யாரும் சொல்லாமல் நானே எழுதுகிறேன். எதை முதலில் எழுதுவது என்று தெரியவில்லை.

பெருமாயிக்கு நேற்றுத்தான் பேச்சு வந்தது. விலா எலும்பு இரண்டு முறிந்திருக்கிறது. அவள் சொன்னாள்: நாடகம் நடக்கும்போது மேடைத் திரையில் விளக்குத் தீ பிடித்தது. புகை மேலே மாடத்துக்கு வந்தது. எல்லோரும் படி இறங்கி ஓடினார்கள். கீழே கதவு தாழ்ப்பாள். பின்னால் வந்தவர்களுக்கு அது தெரியவில்லை, தள்ளிக்கொண்டே வந்தார்கள். தீயைக் கால் மணி நேரத்தில் அணைத்துவிட்டார்களாம். மண்டபத்துக்கு ஒன்றும் ஆகவில்லையாம். ஆண்கள் நான்கு வாசலிலும் வெளியே போய்விட்டார்கள். சடையன் எங்கிருந்தோ ஓடிவந்து திறந்தபோது ஆறு பேர் எழுந்திருக்கவில்லை. உன் அக்கா கதவோடு ஒட்டிக் கிடந்தாளாம்.

கதவைச் சரி செய்கிறார்கள் என்று நீ எழுதினாய். நான்தான் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

சடையனைப் பிடித்து வைத்திருக்கிறார்களாம். முன்பு ஒருவரும் குறை சொன்னதில்லை என்று கிளப்புக்காரர்கள் சொல்வதாகப் பத்திரிகையில் போட்டிருக்கிறது. உன் அக்கா சொன்னது புத்தகத்தில் இருக்கிறதே. அதை நீ எடுத்துக் காட்டினாயா?

சென்றாயன்


சேலம்
7.2.1938

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம். இங்கே நான் இருக்கிறேன். பெருமாயி அக்காவுக்குக் கட்டுப் போட ஆத்தூரில் ஒரு வைத்தியர் நல்லவர் என்கிறார்கள். பொன்னாயிக்கு இரவில் பால் கொடுங்கள். முழங்காலைப் பனியில் விடாதீர்கள்.

கிளப்பை ஒரு மாதத்துக்கு மூடியிருக்கிறார்கள். கணக்குப்பிள்ளையும் நானும் மட்டும் போய் வருகிறோம். வராந்தாச் சித்திரங்களைத் துடைத்து உள்ளே எடுத்து வைக்கச் சொன்னார்கள். வைத்தேன்.

கந்தம்மாள்


புதுச்சத்திரம்
மாசி 2

கந்தம்மாளுக்கு. சுகம்.

ஆத்தூர் வைத்தியரைப் பார்த்தாயிற்று. நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை.

மாசி பத்தாம் தேதி விசாரணைக்கு என்னை வரச் சொல்லி ஆள் வந்தது. சடையனின் சம்சாரமும் இங்கே வந்திருந்தாள். செத்தவர்கள் வீடு ஆறுக்கும் நடந்தே போகிறாளாம். வாசலில் நின்றுகொண்டு, "உங்கூட்டுக்காரி எங்கூட்டுக்காரருக்காவப் பேசுனவளாமா சாமி. அந்தப் புத்தகத்தப் படிச்சாப் போதுமுன்னு அவரு சொல்லச் சொன்னாரு" என்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

உன் அக்கா சொன்னதை அங்கே எல்லோர் முன்னாலும் படிக்க வேண்டும் என்று கேட்கப் போகிறேன். எனக்குச் சபையில் பேசிப் பழக்கமில்லை. நீ பக்கத்தில் நின்றால் பேசிவிடுவேன்.

சென்றாயன்


சேலம்
18.3.1938

மாமாவுக்குக் கந்தம்மாள் எழுதுவது. நீங்களும் பொன்னாயியும் நலமா என்று கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

விசாரணை முடிந்து இருபத்தைந்து நாளாயிற்று. உங்களிடமிருந்து கடிதம் இல்லை. நீங்கள் எழுந்து, "எங்கூட்டுக்காரி சொன்னதப் படிங்க சாமி" என்று கேட்டபோது நான் உங்களிடமிருந்து பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். கிளப்பின் வக்கீல் புத்தகத்தைத் திறந்து படித்தார்: "பெண்களுக்கெனத் தனி மாடமும், கதவைத் தாழிட்டுக் காக்கும் ஏற்பாடும் எங்களுக்கு மிகுந்த மன நிம்மதியளிக்கின்றன. இங்ஙனம், நல்லம்மாள், புதுச்சத்திரம்." நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். விசாரணை அதிகாரி என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "இது உங்கள் கையெழுத்தா?" ஆமாம் என்றேன். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமல் பேசுவது எனக்கு எப்போதும் முடிந்ததில்லை. அன்றைக்காவது முடிந்திருக்க வேண்டும்.

அக்கா சொன்னதை நான் எழுதவில்லை, மாமா. அவள் சொன்னதற்கு நேர் எதிராக எழுதினேன். காரியதரிசி பின்னால் நின்றார். அவர் மாற்றி எழுதச் சொல்லவில்லை. வெறுமனே நின்றார். அவள் பேச்சைக் கேட்டு அவர் முகம் சுளிப்பார் என்று எனக்குப் பயமாக இருந்தது. என் அக்கா என்று அவருக்குத் தெரிந்துவிடும் என்றும் பயமாக இருந்தது. அவள் விரலை நானே பிடித்து மையில் அழுத்தினேன்.

கதவு விஷயம் கமிட்டிக்குப் போயிற்று என்று எழுதியதும் பொய். நான் யாரிடமும் பேசவில்லை. அந்தப் பொய்யை நம்பித்தான் அவள் மறுபடி வந்தாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. புகை வந்ததும் நான் மேசையிலிருந்து எழுந்தேன். புத்தகம் எரிந்துவிடக் கூடாது என்று அதை மார்போடு அணைத்துக்கொண்டு முன்வாசல் வழியாகத் தோட்டத்துக்கு ஓடினேன். பக்கவாசல் என் மேசையிலிருந்து நாற்பது அடி. சடையனைக் காரியதரிசி வண்டி கூப்பிட அனுப்பியதை என் கண்ணால் பார்த்திருந்தேன். கதவண்டை யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

விசாரணைக்கு நான்கு நாள் கழித்து உண்மையையெல்லாம் எழுதி, அதிகாரியிடம் நேரே கொண்டுபோய்க் கொடுத்தேன். விசாரணை முடிந்துவிட்டது என்று அவருடைய குமாஸ்தா திருப்பிக் கொடுத்தார். துக்கத்தில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று காரியதரிசி சொன்னாராம். கிளப்பில் இனி என்னை வரவேண்டாம் என்றுவிட்டார்கள். சடையனுக்கு ஆறு மாதம். அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்திக்கொண்டாள்.

அறையைக் காலி செய்யச் சொல்கிறார்கள். நான் அங்கே வரட்டுமா, மாமா? பொன்னாயிக்குத் தலை சீவிவிட ஆள் வேண்டும். சமைப்பேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவேன். ஒரு மூலையில் இருப்பேன்.

கந்தம்மாள்


புதுச்சத்திரம்
பங்குனி 14

கந்தம்மாளுக்குச் சென்றாயன் எழுதுவது. நாங்கள் சுகம். பெருமாயி எழுந்து நடக்கிறாள்.

உன் கடிதம் வந்து ஆறு நாளாகிறது. முதலில் நான் தனியாகப் படித்தேன். பிறகு வேலியோரம் போய் உட்கார்ந்துவிட்டு வந்து, பொன்னாயியைக் கூப்பிட்டு முழுவதும் படித்துக் காட்டினேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதைப் படிக்கலாமா என்று பெருமாயி சண்டை போட்டாள். இந்த வீட்டில் கடிதம் படித்தால் எல்லோருக்கும் கேட்கத்தான் படிப்பது. பாதியை விட்டுப் படிக்க எனக்குத் தெரியாது.

நீ வருவதைப் பற்றி நான் ஒருவன் சொல்வதற்கில்லை. அது அவள் அம்மா இருந்த வீடு. ஆகவே அவளைக் கேட்டேன். பள்ளிக்கூடம் போனாள், வந்தாள். நேற்று மாட்டுக்குத் தீனி போடும்போது தானாகச் சொன்னாள். அவள் சொன்னதைக் கொஞ்சம் தணித்து எழுதலாமா என்று எனக்கும் மனசு வந்தது. இரண்டு காகிதத்தைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். அவள் சொல்வது:

"சின்னம்மா பொஸ்தகத்த எடுத்துக்கிட்டு ஓடுனது எழுதியிருக்கறாங்க. கதவுகிட்ட ஆரும் இல்லீன்னு தெரியும்னு எழுதியிருக்கறாங்க. மாடத்துல பேசறது கீழ கேக்கும்னு மின்னயே எழுதுனாங்கல்ல? அப்ப அம்மா கதவத் தட்டுனது அவங்களுக்குக் கேட்டுச்சா, கேக்கலயா? அத மட்டும் எழுதலியேப்பா. கேட்டு எழுதுங்க. அதுக்கு அப்பறம் வரச் சொல்றதா வேண்டாமான்னு நான் சொல்றேன்."

எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டேன். சரி என்றாள். இத்துடன் பதில் கார்டு ஒன்று வைத்திருக்கிறேன். விலாசம் எழுதியிருக்கிறது. ஒரு சொல் போதும்.

சென்றாயன்